எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பது கடைசிக் கேள்வி

டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்பதுதான் திரும்பி வரும் முதல் கேள்வி. 50 என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். 100 என்றால் "சமாளிக்கலாம்" என்பார்கள். 200 என்றால்தான் முகம் மலரும். கையில் இருக்கிற பணத்துக்கு எட்டுகிற அதிகபட்ச பேண்ட்வித்தை வாங்கிவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ரிச்சி தெருக் கடை முதல் பொறியியல் கல்லூரி ஆய்வகம் வரை ஒரே குரலில் ஒலிக்கும் புத்திமதி.

இந்தப் புத்திமதி தவறு. சூழலைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்தது என்று மழுப்ப எனக்கு விருப்பமில்லை. போர்டு பழுது பார்ப்பவர், சிறு தயாரிப்புக் கூடம் நடத்துபவர், மைக்ரோகண்ட்ரோலர் சாதனங்களை வடிவமைப்பவர், எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர், இவர்களின் மேசைக்கு ஸ்கோப் தேர்ந்தெடுக்கும்போது பேண்ட்வித் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அதை முதலில் பார்ப்பதால் பணம் மட்டும்தான் வீணாகிறது என்றால் விட்டுவிடலாம். அந்தப் பணத்தில் வாங்கியிருக்க வேண்டிய மெமரியும் சேனலும் நல்ல புரோப்பும் கைக்கு வராமல் போகின்றன. பழுது நம் கண்ணெதிரே நடந்தும் திரையில் தெரியாமல் போகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துவைப்போம். 1 வோல்ட் சைன் அலையைக் கொடுத்தால் கருவி அதை 0.707 வோல்ட்டாகக் குறைத்துக் காட்டத் தொடங்கும் அதிர்வெண்தான் பேண்ட்வித். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் அலை முப்பது சதவீதம் குட்டையாகத்தான் தெரியும். சதுர அலை என்றால் சிக்கல் இன்னும் கூடுதல். அது எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதைவிட, அதன் விளிம்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 0.35-ஐ பேண்ட்வித்தால் வகுத்தால் கருவியின் சொந்த ஏற்ற நேரம் கிடைக்கும்: 50 மெகாஹெர்ட்ஸுக்கு 7 நானோ வினாடி, 100-க்கு 3.5, 200-க்கு 1.75. 74ஏசி குடும்பத்து லாஜிக் சில்லு ஒன்று 2 நானோ வினாடியில் மேலேறும் விளிம்பைத் தருகிறது என்று வையுங்கள். 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் அதை 7.3 நானோ வினாடி விளிம்பாகக் காட்டும். அதாவது சிக்னலைக் காட்டாமல் தன்னையே காட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. இது இயற்பியல். இதிலிருந்து "ஆகவே பெரிய எண்ணை வாங்கு" என்று தாவுகிறார்களே, அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன்.

முதலில் "ஐந்து மடங்கு" விதியை எடுத்துக்கொள்வோம். அளக்கப்போகும் சிக்னலின் உச்ச அதிர்வெண்ணைப்போல ஐந்து மடங்கு பேண்ட்வித் வேண்டும் என்று டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அறிமுகக் கையேடே சொல்கிறது. விற்பனையாளர்கள் வேத வாக்காக எடுத்துக்காட்டும் விதி இது. ஏன் ஐந்து? ஐந்தில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் உயரம் குறைவது 2 சதவீதத்துக்குள் அடங்கும் என்பதால். மூன்று மடங்கோடு நிறுத்திக்கொண்டால் பிழை 5 சதவீதம். சரி, நம் மேசைக்கு வரும் ஸ்கோப்பின் செங்குத்து அளவீட்டுத் துல்லியம் எவ்வளவு என்று அதன் விவரத்தாளைப் புரட்டிப் பாருங்கள். 8 பிட் கருவிகளில் பெரும்பாலும் 3 சதவீதம் என்றிருக்கும். நேர்மின்னழுத்தத்தையே 3 சதவீதம் முன்னே பின்னே காட்டும் கருவியில் உயரப் பிழையை 2 சதவீதத்துக்குள் அடக்க ஆயிரக்கணக்கில் கொட்டுகிறோம். வோல்ட் துல்லியமாக வேண்டும் என்றால் மல்டிமீட்டர் இருக்கிறது. ஸ்கோப்பை எடுப்பது வடிவத்தைப் பார்க்க, எது முன்னே நடந்தது எது பின்னே நடந்தது என்று பார்க்க.

அடுத்து, நம் மேசையில் உண்மையில் என்னதான் ஓடுகிறது? எஸ்எம்பிஎஸ் என்றால் 65 கிலோஹெர்ட்ஸிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை. இன்வெர்ட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸ் அலையும் அதை வடிக்கும் பத்து இருபது கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்மும். ஆம்ப்ளிஃபையர் என்றால் காது எட்டுகிற 20 கிலோஹெர்ட்ஸ். சீரியல் போர்ட் 9600 முதல் 115200 பிட் வரை. ஐ-ஸ்கொயர்-சி பஸ் 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ். வண்டிகளில் வரும் வழக்கமான கேன் பஸ் அதிகபட்சம் நொடிக்கு 10 லட்சம் பிட். ஆர்டுவினோ ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். இவற்றில் எதற்கும் 200 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படாது.

இந்தப் பட்டியலுக்கு வெளியே என்ன இருக்கிறது? 480 மெகாபிட் வேகத்தில் ஓடும் யூஎஸ்பி 2.0, எச்டிஎம்ஐ, டிடிஆர் மெமரி. அவற்றின் அலைவடிவத்தைச் சோதிக்க ஜிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஸ்கோப்பும் ஆக்டிவ் டிஃபரென்ஷியல் புரோப்பும் வேண்டும். அங்கே 200 மெகாஹெர்ட்ஸும் வாசலோடு நின்றுவிடும். இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு 50, 70, 100 மெகாஹெர்ட்ஸ் போதும். மற்றதற்கு 200 எந்த மூலைக்கும் பற்றாது. இடையில் இருக்கிறவர்கள் மிகச் சிலர்: எஃப்பிஜிஏ போர்டுகளின் விளிம்புகளை ஆராய்பவர், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலைச் சுற்றுகளோடு மல்லுக்கட்டுபவர், சில நானோ வினாடிகளில் திறந்து மூடும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களை வைத்துப் பவர் சப்ளை செய்பவர். அவர்கள் தாராளமாக 200 வாங்கட்டும். தங்களுக்கு ஏன் அது வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும், யாரிடமும் யோசனை கேட்க மாட்டார்கள்.

இனி புரோப்புக்கு வருவோம். மெகாஹெர்ட்ஸ் பேசுகிறவர்கள் பேசாமல் தாண்டிப் போகும் இடம் இது. கிணறு எத்தனை ஆழமாக இருந்தாலும் வாளி கொள்கிற தண்ணீர்தான் மேலே வரும். கருவியோடு இலவசமாக வரும் புரோப்பின் கழுத்தில் 1எக்ஸ், 10எக்ஸ் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. 1எக்ஸில் வைத்தால் அந்தப் புரோப்பின் பேண்ட்வித் ஏறத்தாழ 6 மெகாஹெர்ட்ஸ்தான். கேபிளின் 100 பிகோஃபாரட் சொச்சமும் நேரே சுற்றின் தலையில் ஏறி உட்காரும். அலை பெரிதாகத் தெரிகிறதே என்று 1எக்ஸிலேயே வைத்துப் பழகியவர் 200 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கி அதில் 6 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துகிறார். 10எக்ஸுக்கு மாற்றினாலும் கதை முடியவில்லை. முகப்பில் இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் கொக்கியை மாட்டி, குட்டி ட்ரிம்மரைத் திருகி மூலை நேராக வரும்வரை சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாத புரோப்பில் காணும் எந்த உயரத்தையும் நம்ப முடியாது.

10எக்ஸில் 10 மெகாஓம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது நேர்மின்னோட்டத்துக்கான கணக்கு. புரோப் முனையில் இருக்கும் 15 பிகோஃபாரட் 100 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 106 ஓம். அந்த வேகத்தில் ஓடும் சுற்றில் சாதாரணப் புரோப்பை வைப்பதும் 100 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். கிரவுண்ட் கிளிப் கம்பி இன்னொரு பக்கம். 15 சென்டிமீட்டர் கம்பிக்குத் தோராயமாக 150 நானோஹென்றி. அதுவும் முனையின் 15 பிகோஃபாரட்டும் சேர்ந்து 106 மெகாஹெர்ட்ஸை ஒட்டி மணியடிக்கும். அப்படியானால் 200 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வாங்கியவர் திரையில் கூடுதலாகப் பார்ப்பது எதை? தன் கிரவுண்ட் கம்பியின் ஆட்டத்தை. 50 மெகாஹெர்ட்ஸ் கருவி அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் மழுக்கிவிட்டிருக்கும்.

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு 12 வோல்ட் அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன லோடு ஒன்றை மாட்டி, நீளக் கிரவுண்ட் கிளிப்பை எதிர்முனை கம்பியில் எங்கோ ஓரிடத்தில் கவ்வவிட்டு, புரோப் கொக்கியை நேர்முனையில் மாட்டுங்கள். ஏசி கப்ளிங்கில் பார்த்தால் ஸ்விட்ச் ஆகும் ஒவ்வொரு தருணத்திலும் ஈட்டி போல உயரும் கூர்முனைகள் தெரியும். அடாப்டர் குப்பை என்று தோன்றும். இப்போது கொக்கியைக் கழற்றி, கிரவுண்ட் கிளிப் கவ்வியிருக்கும் அதே இடத்தில் புரோப் முனையை வையுங்கள். இரண்டு முனையும் ஒரே புள்ளியில் இருக்கின்றன, கோடு தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனைகளில் பெரும்பகுதி அப்படியே நிற்கும்! அடாப்டருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கம்பி வளையம் ஆன்டெனாவாகி வாங்கிய சத்தம் அது. பிறகு கொக்கித் தொப்பியை உருவிவிட்டு, புரோப் பெட்டியில் இத்தனை நாள் கவனிக்காமல் கிடந்த சின்ன ஸ்பிரிங்கை முனையில் மாட்டி, வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் இரு காலுக்கும் குறுக்கே நேராக வையுங்கள். ஸ்கோப்பின் மெனுவில் 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட்டைப் போடுங்கள். உண்மையான ரிப்பிள் அப்போதுதான் தெரியும்.

அந்த 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் என் சொந்தச் சரக்கு இல்லை. கணினிகளில் இருக்கும் ஏடிஎக்ஸ் பவர் சப்ளைக்கான வடிவமைப்பு வழிகாட்டி, 12 வோல்ட் தடத்தில் ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்கிறது; அதை 20 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேண்ட்வித் கூடக் கூட ஸ்கோப்பின் சொந்த இரைச்சலும் உள்ளே வரும். நான்கு மடங்கு பேண்ட்வித்துக்கு இரண்டு மடங்கு இரைச்சல் என்பது பொதுக் கணக்கு. ஆக, பழுது பார்க்கும் மேசையில் அதிகம் நடக்கும் அளவீடுகளில் ஒன்றைச் சரியாகச் செய்ய, காசு கொடுத்து வாங்கிய பேண்ட்வித்தை நாமே பட்டனைத் தட்டி வெட்டிப் போட வேண்டியிருக்கிறது. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் ஜிம் வில்லியம்ஸ் 1991-இல் எழுதிய 47-ஆம் பயன்பாட்டுக் குறிப்பு வேகமான ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றியது. அதில் அவர் புரோப்பும் கிரவுண்ட் கம்பியும் செய்யும் கோளாறுகளைப் படம் படமாகக் காட்டுகிறார். வேகத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு எங்கே உண்மை தொலைகிறது என்று தெரிந்திருந்தது.

மூன்றாவது, மெமரி. இங்கே ஒரு பழுதை எடுத்துப் பேசினால்தான் புரியும். கிணற்று மோட்டாரை செல்போனிலிருந்து போட்டு நிறுத்தும் ஜிஎஸ்எம் ஸ்டார்ட்டரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே சிம்800 போன்ற ஒரு மாட்யூல், ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு ரிலே. பட்டறை மேசையில் ஒழுங்காக வேலை செய்யும். தோட்டத்துக்குப் போனால் தானாக ரீசெட் ஆகும். புரோகிராம் எழுதியவரைத் திட்டுவார்கள். நடப்பது வேறு. ஜிஎஸ்எம் அலைபரப்பு தொடர்ச்சியாக நடப்பதில்லை, 4.615 மில்லி வினாடிக்கு ஒருமுறை 577 மைக்ரோ வினாடி மட்டும் நடக்கும். அந்த நேரத்தில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். டவர் தூரமாக இருந்தால் முழு பலத்தில் பரப்பும், இழுவையும் உச்சத்துக்குப் போகும். சப்ளைக் கம்பியிலும் மெலிந்த தடத்திலும் வயதான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரிலும் சேர்ந்து 0.3 ஓம் இருந்தால் போதும், 0.6 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 4 வோல்ட்டில் தொடங்கியது 3.4-இல் வந்து நிற்கும். மாட்யூலின் கீழெல்லையே 3.4 வோல்ட்தான்.

இதைப் பிடிக்க ஸ்கோப்பில் என்ன வேண்டும்? மாட்யூல் நெட்வொர்க்கில் சேர முயலும் 2 வினாடியை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். சப்ளை ஒரு சேனலில், மைக்ரோகண்ட்ரோலரின் ரீசெட் கால் இன்னொன்றில், இரண்டுக்கும் இடையே பேசும் சீரியல் கோடு மூன்றாவதில். 1997-இல் டெக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்த டிடிஎஸ்220 இன்றும் பல ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது: 100 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 100 கோடி சாம்பிள், இரண்டு சேனல். அன்றைக்கு அருமையான கருவி. ஆனால் அதன் மெமரி 2,500 புள்ளிகள். முழு வேகத்தில் ஓடவிட்டால் 2.5 மைக்ரோ வினாடியில் நிறைந்துவிடும். 2 வினாடியைப் பதிவு செய்யச் சொன்னால் 0.8 மில்லி வினாடிக்கு ஒரு புள்ளி வீதம்தான் எடுக்கும். நாம் தேடும் சரிவின் அகலம் 0.577 மில்லி வினாடி. ஒரு சரிவில் ஒரு புள்ளி விழலாம், அடுத்ததில் ஒன்றும் விழாமல் போகலாம். 100 மெகாஹெர்ட்ஸ் முகப்பு உள்ளே விட்ட சிக்னலை மெமரி கோட்டை விட்டுவிட்டது. பீக் டிடெக்ட் முறையைப் போட்டால் அடிமட்டம் தெரியுமே என்பார்கள். தெரியும். ஆனால் சரிவு முதலில் வந்ததா, ரீசெட் முதலில் வந்ததா, அப்போது சீரியல் கோட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது தெரியாது. பழுதின் மூலமே அந்த முன்பின் வரிசையில்தான் இருக்கிறது.

இதற்கு எதிரே 2014 வாக்கில் வந்த ரைகால் டிஎஸ்1054இசட்டை வையுங்கள். பேண்ட்வித் பாதி, 50 மெகாஹெர்ட்ஸ். ஆனால் நான்கு சேனல், 1.2 கோடிப் புள்ளி மெமரி. மூன்று நான்கு சேனல் போட்டால் மெமரி பங்காகி ஒவ்வொன்றுக்கும் 30 லட்சம் கிடைக்கும். 2 வினாடிக்கு 30 லட்சம் என்றால் 0.67 மைக்ரோ வினாடிக்கு ஒரு புள்ளி. 9600 வேக சீரியல் பிட் ஒன்று 104 மைக்ரோ வினாடி. அதற்குள் நூற்றைம்பதுக்கும் மேல் புள்ளிகள். சரிவும் ரீசெட்டும் அந்த நேரத்து எழுத்தும் ஒரே படத்தில் வந்து நிற்கும். பாதி பேண்ட்வித் உள்ள கருவி முழுப் பழுதையும் காட்டுகிறது.

நான்காவது, ட்ரிகர். ஸ்கோப்பின் வரலாறே இந்த இடத்தில் மெகாஹெர்ட்ஸ் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1946-இல் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் அடுத்த ஆண்டே 511 என்ற கருவியைக் கொண்டுவந்தது. பேண்ட்வித் 10 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கருவி பேர் வாங்கியதற்குப் பெரிய காரணம், சிக்னல் வரும்போது மட்டும் ஸ்வீப் தொடங்கும் ட்ரிகர் அமைப்பு. அதுவரை பரவலாக இருந்தவை தன்பாட்டுக்கு ஓடும் ஸ்வீப்பை சிக்னலோடு எப்படியாவது பொருத்தி நிறுத்தப் பார்த்தவை. எப்போதோ ஒருமுறை வரும் துடிப்பைத் தேவைப்பட்ட கணத்தில் பிடித்துக் காட்ட முடிந்ததுதான் பொறியாளர்களுக்கு வேண்டியிருந்தது.

இன்றும் நிலைமை அதுவே. நொடிக்கு 30,000 அலைவடிவம் பிடிக்கும் என்று ஒரு கருவி விளம்பரம் செய்கிறது என்று கொள்ளுங்கள். திரையின் அகலம் 1 மைக்ரோ வினாடி என்றால் அது ஒரு நொடியில் பார்ப்பது மொத்தம் 30 மில்லி வினாடி. மீதி 97 சதவீத நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. ஸ்டெப்பர் மோட்டார் டிரைவருக்குள் எப்போதாவது புகும் 200 நானோ வினாடிப் பொய்த் துடிப்பைத் திரையை வெறித்துப் பார்த்துப் பிடிக்க முடியாது. இவ்வளவு அகலத்துக்குக் குறைவான துடிப்பு வந்தால் மட்டும் நில் என்று பல்ஸ் ட்ரிகரைக் கட்டி, ஆட்டோவிலிருந்து நார்மலுக்கு மாற்றி, டீ குடிக்கப் போய்விட வேண்டும். திரும்பி வரும்போது பிடிபட்டிருக்கும். பல்ஸ், ரன்ட், டைம்அவுட் ட்ரிகர்களும் ஹோல்ட்ஆஃப் வசதியும் இருக்கின்றனவா, அவற்றைச் சுலபமாக அமைக்க முடிகிறதா என்று வாங்கும்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ஆட்டோ செட் பட்டனை அமுக்கியதும் அலை வந்தால் திருப்திப்பட்டுப் பில் போடச் சொல்கிறோம்.

ஐந்தாவதாக, மெகாஹெர்ட்ஸ் எண்ணின் வண்டவாளத்தையும் பார்த்துவிடலாம். பல கருவிகளில் 50 மெகாஹெர்ட்ஸ் மாடலும் 100 மெகாஹெர்ட்ஸ் மாடலும் உள்ளே ஒரே போர்டு, ஒரே ஏடிசி. வித்தியாசம் மென்பொருளில் இருக்கும் ஒரு பூட்டு. ரைகால் டிஎஸ்1052இ-யை சில கட்டளைகளால் 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கலாம் என்பது 2010-இலேயே உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. இன்று பல நிறுவனங்கள் பேண்ட்வித் உயர்வை லைசென்ஸ் சாவியாக வெளிப்படையாகவே விற்கின்றன. என் வாதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறகு வேண்டுமானால் சாவி போட்டு வாங்கக்கூடிய ஒன்றுக்கு இப்போது ஏன் மொத்தப் பணத்தையும் கட்ட வேண்டும்? இரண்டு சேனல் கருவியை எந்தச் சாவியும் நான்கு சேனல் ஆக்காது. கடிகாரம், வரும் தரவு, போகும் தரவு, சில்லைத் தேர்ந்தெடுக்கும் கோடு என்று எஸ்பிஐ பஸ்ஸிலேயே நான்கு கோடுகள் இருக்கின்றன. மூன்று ஃபேஸ் டிரைவில் ஆர், ஒய், பி மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் எதைக் கண்டுபிடிப்பது?

பூட்டைத் திறந்து எண்ணைக் கூட்டுவதில் ஒரு வினையும் இருக்கிறது. டிஎஸ்1054இசட் ஒரு சேனலில் நொடிக்கு 100 கோடி சாம்பிள் எடுக்கும். இரண்டு போட்டால் 50 கோடி. மூன்றோ நான்கோ போட்டால் 25 கோடி. 50 மெகாஹெர்ட்ஸுக்கு 25 கோடி என்பது ஐந்து மடங்கு, கவலையில்லை. 100 மெகாஹெர்ட்ஸுக்கு அதே 25 கோடி வெறும் இரண்டரை மடங்கு, விளிம்பில் நிற்கிறது. 125 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளே வருவதெல்லாம் மடிந்து வேறோர் அதிர்வெண்ணாக வேடம் போட்டுத் திரையில் நிற்கும். 100 மெகாஹெர்ட்ஸ் முகப்பு 125-இல் கதவைச் சாத்திவிடுவதில்லை. சாம்பிள் வேகம் உயராமல் பேண்ட்வித்தை மட்டும் உயர்த்தினால் கருவி பொய் சொல்லும் வாய்ப்புதான் உயரும். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஒரு சேனலுக்கான வேகம் என்பதையும், "ஈக்விவலன்ட்" என்ற அடைமொழியோடு வரும் பிரம்மாண்டமான சாம்பிள் எண்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் அலைக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் கடையில் யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள்.

ஆறாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்கோப்பின் பிஎன்சி வெளிக்கூடும் கிரவுண்ட் கிளிப்பும் மூன்று பின் ப்ளக் வழியாக நேரே எர்த்தில் போய்ச் சேர்கின்றன. நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் பிரைமரி பக்கத்தில், பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் எதிர்முனையைக் "கிரவுண்ட்" என்று நினைத்துக் கிளிப்பை மாட்டினால், அடுத்த அரைச் சுற்றிலேயே ஃபேஸிலிருந்து டையோடு வழியாக எர்த்துக்கு நேர்வழி கிடைத்துவிடும். டப்பென்று வெடிக்கும். டையோடும் புரோப்பும் போனால் அதிர்ஷ்டம். இதற்குப் பரிகாரமாக ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோகப் பாகம் முழுவதும் 325 வோல்ட்டில் மிதக்கும்; அடுத்து அதைத் தொடும் கைக்கு ஆபத்து. சோதிக்கும் சாதனத்தை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டுவது, அல்லது உயர் மின்னழுத்தம் தாங்கும் டிஃபரென்ஷியல் புரோப் ஒன்று வாங்குவது, இவையே சரியான வழிகள். 100-இலிருந்து 200 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவக் கொடுக்கும் பணத்தை இந்தப் பக்கம் திருப்பினால் பவர் சப்ளை வேலை செய்கிறவருக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த முதலீடு அதுதான்.

"நாளைக்குத் தேவைப்பட்டால்?" என்பது மெகாஹெர்ட்ஸ் கட்சியின் கடைசி அஸ்திரம். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிய நேற்று என்ன ஆனது என்று பார்க்கலாம். டிஎஸ்1054இசட் 8 பிட், 50 மெகாஹெர்ட்ஸ், 1.2 கோடிப் புள்ளி. 2023-இல் அதே நிறுவனம் ஏறக்குறைய அதே விலை வட்டத்தில் கொண்டுவந்த டிஎச்ஓ804-இல் 12 பிட், நான்கு சேனல், 2.5 கோடிப் புள்ளி. பேண்ட்வித்? 70 மெகாஹெர்ட்ஸ். ஒன்பது ஆண்டு முன்னேற்றத்தில் உயரத் துல்லியம் 256 படியிலிருந்து 4,096 படியானது, மெமரி இரட்டிப்பானது. பேண்ட்வித் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. இந்த விலையில் வாங்குகிறவர்களுக்கு எது பயன்படும் என்று செய்கிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நாளைக்கு ஜிகாஹெர்ட்ஸ் வேலை வந்தால் இன்று வாங்கும் 200 மெகாஹெர்ட்ஸ் எப்படியும் உதவாது. வராவிட்டால் அது தேவையே இல்லை.

ஒரு மயக்கத்தைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் 12 பிட் மயக்கத்தை உட்காரவைக்கவும் கூடாது. 12 வோல்ட்டின் மேல் 20 மில்லிவோல்ட் ரிப்பிளை ஒரு கட்டத்துக்கு 2 வோல்ட் அளவில் வைத்துப் பார்த்தால் 8 பிட் கருவியின் ஒரு படியே 62 மில்லிவோல்ட். ரிப்பிள் கண்ணில் படாது. ஏசி கப்ளிங்குக்கு மாற்றி ஒரு கட்டத்துக்கு 10 மில்லிவோல்ட் வைத்தால் படி 0.31 மில்லிவோல்ட்டாகச் சுருங்கும், ரிப்பிள் துலக்கமாகத் தெரியும். ஒரு பட்டன் செய்கிற வேலை அது. 12 பிட் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வேலை நிற்காது.

பிறகு ஏன் மெகாஹெர்ட்ஸே எங்கும் ஜெயிக்கிறது? அது ஒற்றை எண் என்பதால். டெண்டரில் எழுதச் சுலபம், மூன்று கொட்டேஷன்களை ஒப்பிடச் சுலபம், தணிக்கையில் கேட்டால் பதில் சொல்லச் சுலபம். ட்ரிகர் அமைக்க வசதியாக இருக்கிறதா, நான்கு சேனலுக்கும் தனித்தனிக் குமிழ் இருக்கிறதா, மெமரியை ஆழப்படுத்தினால் கருவி மந்தமாகிறதா என்பவற்றுக்கு எண் கிடையாது. கை வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். விலைப்பட்டியலை வைத்து வாங்கப்பட்ட ஸ்கோப்புகளின் முன் உட்கார்ந்து, ஆட்டோ செட்டைத் தாண்டி எதையும் தொடாமல் மாணவர்கள் பட்டம் வாங்கிப் போகிறார்கள். ஆய்வகத்துக்கு ஸ்கோப் கேட்டு எழுதும் பேராசிரியர்கள் பேண்ட்வித் வரியை 50 அல்லது 70 என்று அடக்கிவிட்டு, "நான்கு சேனல், எல்லாம் போட்ட நிலையில் சேனலுக்குக் குறைந்தது 25 கோடி சாம்பிள், 1 கோடிப் புள்ளி மெமரி, மாணவர் குழுவுக்கு ஒரு உதிரிப் புரோப்" என்று எழுதட்டும். அதே நிதியில் எண்ணிக்கையிலும் கூடுதல் கருவிகள் வாங்கலாம். நான்கு பேர் சுற்றி நின்று ஒருவர் குமிழைத் திருப்புவதை வேடிக்கை பார்க்கும் நிலை மாறும்.

தனியாக வாங்குகிறவர்களுக்கு ஒரே யோசனை. கடைக்குப் போகும்போது உங்களைத் தொந்தரவு செய்யும் போர்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எல்லாச் சேனல்களையும் போடச் சொல்லி, சாம்பிள் வேகம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று திரை ஓரத்தில் பாருங்கள். 2 வினாடியை ஒரே வீச்சில் பிடித்து, நிறுத்தி, உள்ளே பெரிதாக்கிப் பாருங்கள். விவரம் இருக்கிறதா, வெறும் படிக்கட்டா என்று தெரிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அகலத் துடிப்புக்கு ட்ரிகர் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். புரோப் பெட்டியில் ஸ்பிரிங் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற சோதனை இது. இதற்குச் சம்மதிக்காமல் விவரத்தாளை மட்டும் நீட்டும் கடையில் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.